நாற்பத்து மூன்றாவது கதவு

பசை காய்ச்சும்போது சகாயசெல்வி யாரோடும் பேசமாட்டார். ஒரு கை மைதா, இரண்டு டம்ளர் தண்ணீர், சுண்டுவிரல் நகத்தளவு மயில்துத்தம். கரண்டியை நிறுத்தாமல் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் வாய் கொடுத்தால் கட்டி விழுந்துவிடும். மயில்துத்தம் எதற்கென்று பசை இறங்கிய பிறகு கேட்டால் பதில் வரும். "பசையை நக்க வர்ற கரப்பான் நோட்டீசையும் சேத்துத் தின்னுடும் சார். அப்புறம் சூப்பரண்டு என்னைத் தின்னுடுவாரு." ஆறியதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, இரண்டு அங்குல பிரஷ்ஷைச் செய்தித்தாளில் சுற்றி, ஸ்கூட்டியின் காலடியில் வைத்துக்கொண்டு எட்டரை மணிக்குக் கிளம்புகிறார்.

புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றின் வசூல் பிரிவில் அவருக்கு வேலை. அரசுக்கு யாராவது பணம் கட்ட வேண்டியிருந்தால், அந்த அறிவிப்பை உரியவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால் கதவில் ஒட்ட வேண்டும். இதற்கு அலுவலகத் தமிழில் 'சார்வு செய்தல்' என்று பெயர். முத்தியால்பேட்டையில் சகாயசெல்விக்கு 'நோட்டீசக்கா' என்று பெயர். வயது ஐம்பத்து இரண்டு. கணவர் மார்ட்டின் அதே அலுவலகத்தில் ஜீப் ஓட்டினார். அவர் இறந்ததும் கருணை அடிப்படையில் இந்த வேலை வந்தது. "அவரு ஜீப்பையே குடுத்திருந்தா சந்தோசமா ஓட்டியிருப்பேன். பசை பாட்டிலைக் குடுத்துட்டாங்க."

கதவுகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது தச்சருக்கும் தெரியாது. தேக்கு, பசையைக் குடிக்காது. தகரம் சட்டென்று பிடிக்கும், வெயில் ஏறினால் உரித்துவிடும். நீல எனாமல் அடித்த கதவு எதற்கும் ஆகாது. மஞ்சள் பூசிய நிலைப்படி மேல் ஒட்டமாட்டார். மாதா படம் மாட்டிய கதவிலும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டமாட்டார். "அவங்க சாமி அவங்களுக்கு. நம்ம பேப்பரு அது பக்கத்துல ஏறி உக்காரக் கூடாது" என்பார். மஞ்சளும் மாதாவும் ஒரு ஏழையின் கதவைக் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. ஆனால் கதவுக்குள் இருக்கும் மனிதருக்கு இந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கை, அந்தத் தாளை அச்சடிக்கிறவர்கள் கொடுத்திருந்தால் பல தாள்கள் பிறந்தே இருக்காது.

தாளின் முதுகில் நெடுக்கே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. பசையில் சிலுவை விழும். நான்கு மூலைகளும் வறண்டே இருக்கும். பக்தியா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். "முழுக்கத் தடவினா உரிக்கும்போது பெயிண்டும் சேந்து வந்துடும் சார். தப்பு பண்ணது அவங்கன்னே வச்சிக்குவோம். கதவு என்ன பண்ணுச்சு?" சாயங்காலம் கடற்காற்று எழும்பினால் அவர் ஒட்டிய தாள்கள் பட்டாம்பூச்சி போலப் படபடத்துத் தெருவில் விழுகின்றன என்று அலுவலகத்தில் ஒரு நிரந்தரப் புகார் உண்டு.

படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துச் சொல்வார். 'பெற்றுக்கொண்ட மிகைத் தொகையை உரிய வட்டியுடன் பதினைந்து தினங்களுக்குள் செலுத்தத் தவறும்பட்சத்தில் தங்களது அசையும் சொத்துகள் சட்டப்படி பற்றுகை செய்யப்படும்' என்று தாளில் இருக்கும். அவர் வாயில் அது இப்படி வரும்: "பதினஞ்சு நாளு. கட்டலன்னா வந்து தூக்கிடுவாங்க. எதைத் தூக்குவாங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சிக்க."

இரண்டு விஷயங்களில் அவர் கல். ஒன்று, அறிக்கையில் பொய் எழுதமாட்டார். திறந்த வீட்டைப் பூட்டிய வீடு என்று எழுதச் சொல்லி ஐந்நூறு ரூபாயை நீட்டியவர்களும் உண்டு, காலில் விழுந்தவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில்தான். இன்னொன்று, நோட்டீஸ் ஒட்டுகிற வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். மே மாத நடுப்பகலில், உதடு வெடித்திருக்கும்போதும் மாட்டார். "கதவுல அதையும் ஒட்டிட்டு, கையில இதையும் வாங்கிக் குடிச்சா அது என்னா பொழப்பு?"

நல்ல மனுஷி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நாற்பத்து இரண்டு கதவுகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் ஆலை ஒன்று இங்கே இருந்தது. நூற்று அறுபது பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அவர்கள் வந்தபோது கேட்டில் பூட்டு தொங்கியது. பணிக்கொடை கிடையாது, மூடல் இழப்பீடு கிடையாது, கடைசி மாதச் சம்பளமும் கிடையாது. கத்தினார்கள், மறியல் செய்தார்கள், தடியடி வாங்கினார்கள். பிறகு ஒரு நல வாரியம் மனமிரங்கி, வேலையிழந்தோர் உதவித்தொகை என்று மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒன்பது மாதங்களுக்குக் கொடுத்தது. மூவாயிரத்து ஐந்நூற்றில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும் என்று விதி எழுதியவர் நடத்திக் காட்டவில்லை.

மாதாமாதம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் அச்சடித்திருந்த வாக்கியம்: 'இம்மாதம் புதுச்சேரி எல்லைக்குள் வேறெந்த ஊதியமும் பெறவில்லை என உறுதியளிக்கிறேன்.' பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனையும் உண்மை. புதுச்சேரி எல்லைக்குள் அவர்களுக்கு யார் வேலை கொடுத்தார்கள்? முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதைத் தாண்டினால் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. அங்கே இறால் உரிக்கவும் பள்ளிக்கூடப் பை தைக்கவும் நாள் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். நாற்பத்து மூன்று பெண்கள் நடந்து போய் நூற்றெண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினார்கள். பால் வாங்க ஒரு மாநிலம், பல் பிடுங்க ஒரு மாநிலம் என்று ஒரு நாளைக்குப் பத்து முறை எல்லையைத் தாண்டுகிறவர்கள் இவர்கள். எல்லை என்று தாளில் போட்டிருந்தால் அது சாக்கடைதான். அதற்கப்பால் கேள்வி இல்லை. இந்தத் தவறை வேறு எந்த ஊர்க்காரரும் செய்திருக்க முடியாது. அந்த நாற்பத்து மூவரில் ஒருத்தியான தனக்கொடி சொன்னது இது: "வேல கெடச்சுதான்னு கேட்டிருந்தா கெடச்சுதுன்னு சொல்லியிருப்போம். பாண்டிக்குள்ள கெடச்சுதான்னுதான கேட்டாங்க? பாண்டிக்குள்ள பூட்டுதான கெடச்சுது."

பிறகு இரண்டு அரசாங்கங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அந்தப் பக்கத்தில் கூலி வாங்கிய ஆதார் எண்களும் இந்தப் பக்கத்தில் உதவி வாங்கிய ஆதார் எண்களும் நாற்பத்து மூன்று இடங்களில் ஒத்துப்போயின. பொய் உறுதிமொழி, மிகைத் தொகை, மீட்பு நடவடிக்கை. ஆளுக்கு முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. வட்டியோடு நாற்பதாயிரத்துக்கு மேல். அடுத்த ஆண்டே அந்தப் படிவத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டார்கள். இப்போது அதில் 'இந்தியாவின் எப்பகுதியிலும்' என்று இருக்கிறது. தங்கள் கேள்வி தவறு என்று தெரிந்து கேள்வியைத் திருத்தியவர்கள், அந்தத் தவறான கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர்களைக் குற்றவாளிகள் என்கிறார்கள். இதை எழுதும்போது என் பேனா தாளைக் கிழிக்கிறது.

அந்தத் தாள்களை ஒட்டியவர் சகாயசெல்விதான். நாற்பத்து இரண்டு கதவுகள், நாற்பத்து இரண்டு சிலுவைகள். செந்தமிழ்ச்செல்வி என்ற பெண் இட்லி மாவு அரைத்து விற்று ஒரு பிள்ளையைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து நாட்கள் கழித்து டெம்போ வந்தது, கிரைண்டர் போயிற்று. தலையெழுத்து என்று அவள் சொன்னாளாம். தலையெழுத்து எழுதுகிறவன் மேலே எங்கேயோ இருக்கிறான் என்று இந்தப் பெண்களுக்கு இரண்டாயிரம் வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவன் மேலே எல்லாம் இல்லை. இரண்டாம் மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறான். ஜப்தி செய்த கிரைண்டரை ஏலத்தில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. இன்றும் அது அந்த அலுவலகத்தின் பின் தாழ்வாரத்தில் நிற்கிறது. அதன் மேல் பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். சகாயசெல்வி தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட, அந்தத் தாழ்வாரத்தைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு முன் வாசல் வழியாகப் போகிறார். காரணம் கேட்டால், "அந்தப் பக்கம் கொசு" என்கிறார்.

முதலாளி? அதே பிரிவில், அதே இரும்பு அலமாரியில் அவருடைய கோப்பும் இருக்கிறது. தொழிலாளர்களுக்கு அவர் தர வேண்டியது இரண்டு கோடியே சொச்சம். அவர் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையில், தமிழ்நாட்டுப் பக்கம். வேறு மாநிலத்தில் இருப்பவரிடம் வசூலிக்க ஒரு முறை உண்டு: இந்தப் பக்கத்து ஆட்சியர் அந்தப் பக்கத்து ஆட்சியருக்குச் சான்று அனுப்ப வேண்டும், அவர் தாசில்தாருக்கு அனுப்ப வேண்டும், தாசில்தாரின் ஆள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். மூன்று முறை அனுப்பினார்கள். மூன்று முறையும் 'மேற்படி நபர் குறித்த முகவரியில் வசிக்கவில்லை' என்று திரும்பியது. அந்த வீட்டின் மொட்டைமாடி விளக்குகள் கடலில் மீன் பிடிக்கிறவர்களுக்குக் கூடத் தெரியும்.

தொழிலாளர்கள் அலுவலகத்தை முற்றுகையிட்ட ஒரு நாளில், வசூல் பிரிவுக் கண்காணிப்பாளர் பலராமன், சகாயசெல்வியைக் கூப்பிட்டு வாய்வார்த்தையாகச் சொன்னார்: "சும்மா போயி அந்தாளு கேட்டுல ஒட்டி ஒரு போட்டோ எடுத்துட்டு வாம்மா. இவனுங்க வாயை அடைக்கணும்." சகாயசெல்வி போனார். அந்த ஒரு தாளுக்கு மட்டும் சிலுவை போடவில்லை. முழுக்கத் தடவினார், மூலைக்கு மூலை, இரண்டு பூச்சு. அலுவலகம் கொடுத்த செயலியில் படம் எடுத்தார். அந்தச் செயலி படத்தின் அடியில் நேரத்தையும், படம் எடுத்தவர் நிற்கிற ஊரையும் தானே பொறித்துவிடும். பொறித்தது: தமிழ்நாடு.

முதலாளியின் வழக்கறிஞருக்கு அது போதும். புதுச்சேரி ஊழியருக்குத் தமிழ்நாட்டு மண்ணில் ஒரு தாளை ஒட்ட என்ன அதிகாரம்? சார்வு செல்லாது. சரியான சட்டம்தான், நான் மறுக்கவில்லை. பலராமன், தான் அனுப்பவே இல்லை என்றார். எல்லை தாண்டியது ஏன் என்று சகாயசெல்விக்கு மெமோ வந்தது, ஓராண்டு ஊதிய உயர்வு நின்றது. அதோடு செயலியையும் மாற்றினார்கள். இனி படத்தின் அடியில் வேறு மாநிலத்தின் பெயர் விழுந்தால் சிவப்பு எழுத்தில் 'செல்லாது' என்று வரும். ஒரு அறிவிப்புக்கு ஒரே படம். ஏற்றிய பிறகு மாற்ற முடியாது. ஒரு கோடீசுவரரின் கேட்டுக்காகச் செய்த ஏற்பாடு.

அன்றிலிருந்து சகாயசெல்விக்கு ஒரு புதுப் பழக்கம். சொந்த வேலையாகச் சாக்கடையைத் தாண்டும்போதும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். காய்கறி வாங்கப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி. "அந்தாண்ட நான் கவர்மெண்ட் இல்ல சார். வெறும் சகாயம்தான்."

இனி நாற்பத்து மூன்றாவது கதவு.

தனக்கொடி ஆலை மூடிய பிறகு முத்தியால்பேட்டை வாடகை கட்டுப்படியாகாமல் வீடு மாற்றினாள். மாற்றியது எதிர் வரிசைக்கு. தெரு ஒன்றுதான், நடுவில் சாக்கடை. இந்த வரிசை புதுச்சேரி, அந்த வரிசை தமிழ்நாடு. அங்கே ஓர் அறையில் தவணைக்கு வாங்கிய மோட்டார் தையல் மிஷினைப் போட்டு, பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறாள். மிஷின் ஓடினால் சோறு. அந்த அறையில் ஜப்தி செய்யத்தக்க அசையும் சொத்து அது ஒன்றுதான்.

முறைப்படி அவளுடைய கோப்பை அந்தப் பக்கத்து ஆட்சியருக்கு அனுப்பியிருக்க வேண்டும். மறந்துவிட்டார்கள். உதவித்தொகையின் கடைசித் தவணை கொடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் சார்வு செய்யாவிட்டால் கோரிக்கை காலாவதியாகிவிடும் என்று விதி இருக்கிறது. அந்த மூன்று ஆண்டு மார்ச் முப்பத்தொன்றில் முடிகிறது. மார்ச் இருபத்தைந்தாம் தேதி பலராமனுக்கு ஞாபகம் வந்தது. பணம் கூட அவருக்குப் பெரிதில்லை. "நாப்பத்தி மூணுக்கு நாப்பத்தி ரெண்டுன்னா ரிவியூல நூறு பர்சென்ட் வராதும்மா. ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணால என் பேரு கெடணுமா?"

வழியையும் அவரே கண்டுபிடித்தார். தானே நேரில் வந்து, புதுச்சேரி வரிசையில் தனக்கொடியின் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் தனிஸ்லாஸ் என்ற பெரியவரின் வாசல்படியில் நின்று, தன் போனில் பார்த்துவிட்டு, சாக்பீஸால் படியில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "நோட்டீசை அங்க போயி ஒட்டிடு. போட்டோவை மட்டும் இங்க நின்னு எடு. ஜூம் பண்ணு. கதவும் தெரியும், கீழ நம்ம ஊரு பேரும் வரும்."

முதலாளியின் கோப்புக்கு இப்படி ஒரு சாக்பீஸ் குறியை அவர் தேடவே இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் முப்பத்தொன்று, சாயங்காலம் ஐந்து மணி. தனிஸ்லாஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். ஜப்தி எடுத்து வருகிறவரைப் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெயரில்தான் அவர் கூப்பிடுவார்.

"வா, உய்சியே அம்மா. என் வாசலை போட்டோ ஸ்டூடியோ ஆக்கிட்டான் உங்க ஆபீசரு. கோடுலாம் போட்டு வச்சிருக்கான் பாரு."

"வணக்கம் மாமா. அழிக்கலியா?"

"நான் ஏன் அழிக்கணும்? நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல."

சகாயசெல்வி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சாக்கடை மேல் கிடந்த கற்பலகையைத் தாண்டினார். கூடப் போயிருந்த நான் தனிஸ்லாஸ் வாசலிலேயே நின்றேன். நாலு எட்டு தூரம். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"தனக்கொடி."

மிஷின் நிற்கவில்லை. "வாக்கா. தொறந்துதான் கெடக்குது. எந்தப் பக்கக் கதவுல ஒட்டப் போற?"

"கையில வாங்கிக்கிறியா?"

"நாப்பத்தி ரெண்டு பேரை முடிச்சிட்டு வந்திருக்க. எனக்கு மட்டும் வெத்தல பாக்கு வச்சா குடுக்கப் போற?"

"திட்டிக்க. திட்டிட்டு வாங்கு."

"கையெழுத்துப் போடமாட்டேன். கையெழுத்துப் போட்டுத்தான் இந்த நெலமை."

சகாயசெல்வி பாட்டிலைத் திறந்தார். நெடுக்கே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தனக்கொடி மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அக்கா, இதைத் தூக்குவீங்களா?"

"பதினஞ்சு நாளு. கட்டலன்னா தூக்குவாங்க."

"செந்தமிழு கிரைண்டரு மேல ஃபைலு அடுக்கியிருக்கீங்களாமே. போயி பாத்துட்டு வந்து அழுவுறா. இதும் மேல என்னாக்கா அடுக்குவீங்க? இது சின்ன மிஷினு. டீ டம்ளரு வைக்கலாம்."

சகாயசெல்வி பாட்டிலை மூடி, பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். சாக்பீஸ் குறியின் மேல் நின்று போனைத் தூக்கினார். இரண்டு விரலால் விரித்தார். கதவு பெரிதாகி வந்தது, தாள் வந்தது. அடியில் வரி ஒளிர்ந்தது: முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

"எனக்கு பாரு," என்றார் தனிஸ்லாஸ், யாரைப் பார்த்தும் சொல்லாமல். "பிரான்சுல இருந்து மாசா மாசம் பென்ஷன் ஏழு கடலு தாண்டி வந்துடுது. இந்தப் புள்ளைக்கு ஞாயம் ஒரு சாக்கடையத் தாண்டி வர மாட்டேங்குது."

போன் அடித்தது. பலராமன். சகாயசெல்வி ஒலிபெருக்கியில் போட்டார். அவருக்கு எப்போதும் அப்படித்தான், காதில் வைத்தால் கேட்காது.

"என்னம்மா, ஏத்தியாச்சா? அஞ்சே முக்காலுக்கு சைட்டு மூடிடும்."

"ஒட்டிட்டேன் சார். போட்டோ எடுக்கணும்."

"பேப்பரு தெரியுதா?"

"தெரியுது."

"ஊரு?"

"பாண்டின்னுதான் வருது சார்."

"அப்புறம் என்னா? அமுக்கு. நாப்பத்தி மூணுக்கு நாப்பத்தி மூணு! நாளைக்கு எல்லாருக்கும் பப்ஸு என் செலவு."

"சார்."

"ம்?"

"கதவு அந்தாண்ட இருக்குது சார். இந்தாண்டன்னு வருது. பொய்யில்ல?"

மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பலராமன் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "கதவு எங்க இருந்தா உனக்கென்னம்மா? நீ எங்க நிக்கிறங்கிறதுதான் கணக்கு. ஒரு மெமோ வாங்கினது பத்தாதா? பொண்ணுக்குக் காலேஜு ஃபீஸு கட்டணும்ல?"

"ஆமா சார்" என்று சகாயசெல்வி போனை வைத்தார்.

பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தார். கழுத்தில் மாட்டினார். சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டதை வெளியே இழுத்து, முகம் தெரிகிற பக்கம் முன்னால் வருமாறு திருப்பினார். பிறகு கற்பலகை மேல் நாலு எட்டு வைத்து, தனக்கொடியின் கதவுக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நின்றார். ஜூம் இல்லை. தாள், கதவு, கதவு எண், உள்ளே குனிந்திருக்கிற தலை, ஓடுகிற மிஷின் என்று எல்லாம் விழுந்தது. அடியில் வரி மாறியிருக்க வேண்டும். ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கினார்.

திரை சிவந்தது. இங்கிருந்தே தெரிந்தது.

போனைப் பையில் போட்டார். கடற்காற்று ஆரம்பித்திருந்தது, கதவில் தாளின் மூலைகள் எழும்பின. நிலைப்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பசை காய்ந்து வெள்ளையாக வெடித்திருந்த மற்றக் கையை உள்ளே நீட்டினார்.

"தனக்கொடி, தண்ணி குடு."

மிஷின் நின்றது. தனக்கொடி தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்ச் சொம்பைத் தேடினாள். சொம்பு வரும் வரை சகாயசெல்வி நீட்டிய கையை மடக்கவில்லை.